கவுன்சிலிங் ஃபீஸே புதுச் சண்டையாகிவிட்டது, குறைந்த செலவில் வழி இருக்கிறதா?

அரைத்தூக்கம் | திங்கள், இரவு 11:42

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், முதல் தடவையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். பெரிய சம்பவம் எதுவும் இல்லை, மூன்றாவது ஆள் யாரும் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து, "கரண்ட் பில் கட்டியாச்சா", "ஆச்சு" என்ற அளவில் நின்றுவிட்டது. அவள்தான் கவுன்சிலிங் போகலாம் என்றாள். சரி என்று போனோம். இதுவரை மூன்று செஷன். முதல் செஷனில் பாதி நேரம் படிவம் நிரப்பியே போனது. பன்னிரண்டு செஷனாவது வேண்டும் என்கிறார் கவுன்சிலர். ஒரு மணி நேரத்துக்கு அவர் வாங்குவது என்னுடைய இரண்டு நாள் சம்பளம். பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கம் வராமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது செஷனுக்கு அவள் ஆபீஸிலிருந்து வர இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. நானும் கவுன்சிலரும் எதிரெதிரே உட்கார்ந்து வானிலை பேசிக்கொண்டிருந்தோம். அவர் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரம். நிமிடத்துக்கு எவ்வளவு என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டே இருந்தேன். முடிந்து படியிறங்கும்போது அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். அவள் நின்று திரும்பி, "என்கூடப் பேசுறதுக்கு மீட்டர் போட்டாச்சா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மறுபடி பேச்சில்லை.

நிறுத்தவும் மனசில்லை, தொடரவும் பணமில்லை. குறைந்த செலவில் உருப்படியான உதவி எங்காவது கிடைக்குமா? யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றைச்செருப்பு | திங்கள், இரவு 11:58

அந்தப் பணத்துக்கு இரண்டு பேரும் எங்காவது நாலு நாள் போய்விட்டு வாருங்கள் சகோ. முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னால் போய் உட்கார்ந்து மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு அழுதுவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

மேசைவிளக்கு | செவ்வாய், காலை 7:15

அரைத்தூக்கம், நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தம்பதிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் என் பேச்சில் சொந்த நியாயம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் கவுன்சிலரிடம் "எங்களால் இவ்வளவு முடியவில்லை" என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நாலாவது வாரம் "ஊருக்குப் போகிறோம், வந்ததும் கூப்பிடுகிறோம்" என்பார்கள், அவ்வளவுதான், வரமாட்டார்கள். காசுதான் காரணம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் வலியப் போய்க் கேட்டால் துரத்துகிற மாதிரி ஆகிவிடும். வருமானத்தைப் பார்த்து ஃபீஸைக் குறைத்து வாங்குகிற வழக்கம் இந்தத் தொழிலில் புதிதில்லை, ஸ்லைடிங் ஸ்கேல் என்போம். எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்களும் வாரத்தில் ஒன்றிரண்டு இடம்தான் அதற்கென்று வைத்திருப்பார்கள், அதைப் போர்டில் எழுதி மாட்டமாட்டார்கள். கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும். அதிலும் யாரும் கேட்காத நேரத்தில், அதாவது வேலைநாள் காலையில், கிடைக்க வாய்ப்பு அதிகம். மாலை ஆறு மணிக்கும் சனிக்கிழமைக்கும்தான் அடிதடி.

கேட்பதற்கு வெட்கமாக இருந்தால் மெசேஜில் கேளுங்கள். "எங்களால் மாதத்துக்கு இவ்வளவுதான் ஒதுக்க முடியும். அதற்குள் உங்களால் எப்படி உதவ முடியும்? முடியாது என்றால் வேறு யாரைப் பார்க்கலாம்?" இவ்வளவு போதும். பேரம் பேசுவதாக யாரும் நினைக்கமாட்டார்கள். நினைத்தால் அவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு. உணர்ச்சியை மையமாக வைத்து நடக்கும் ஈ.எஃப்.டி. முறையில் எட்டு முதல் இருபது செஷன் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் பன்னிரண்டு என்று அவர் சொன்னது கொள்ளை இல்லை. ஆனால் பன்னிரண்டுக்கும் இப்போதே தலையாட்ட வேண்டியதும் இல்லை. "நாலாவது செஷனில் நிறுத்தி எங்கே இருக்கிறோம் என்று பார்க்கலாமா" என்று கேளுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபீஸ் யார் கணக்கிலிருந்து போகிறது?

அரைத்தூக்கம் | செவ்வாய், காலை 8:03

என் கணக்கிலிருந்துதான். அவளும் சம்பாதிக்கிறாள், ஆனால் இந்த மாதிரிச் செலவெல்லாம் நான் செய்வதுதான் பழக்கம். ஏன்?

மேசைவிளக்கு | செவ்வாய், காலை 8:10

சும்மா கேட்டேன். கிளினிக்குக்குக் கிளம்புகிறேன், மாலை வருகிறேன்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1:20

காசு சம்பந்தப்பட்டதை மட்டும் நான் சொல்கிறேன், மனசு சம்பந்தப்பட்டது எனக்கு வராது.

இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று யாராவது சொன்னால் பாலிசியைத் திறந்து படிக்காமல் நம்பாதீர்கள். பெரும்பாலான இன்சூரன்ஸ் நோய்க்குத்தான் பணம் தரும். கணவன் மனைவி பிணக்கு நோய் கிடையாது. டாக்டர்கள் பில்லில் போடும் குறியீடுகள் இருக்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 பட்டியலில் துணையோடு உள்ள உறவுச் சிக்கலுக்கு ஒரு குறியீடே இருக்கிறது, Z63.0. ஆனால் அந்த Z வரிசை முழுக்க "உடல்நலத்தைப் பாதிக்கும் சூழ்நிலைகள்" என்ற தலைப்பின் கீழ் வருவது, நோய்கள் வரிசை இல்லை. அந்தக் குறியீட்டோடு பில் போனால் திரும்பி வரும் வாய்ப்புதான் அதிகம். சிலர் "ஒருத்தருக்கு டிப்ரஷன் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். உண்மையிலேயே இருந்தால் தாராளமாக எழுதட்டும், சிகிச்சையும் எடுக்கட்டும். இல்லாததை எழுத வைத்தால் அது பொய்க் கிளைம். மேலும் அந்த வார்த்தை உங்கள் மருத்துவப் பதிவில் காலத்துக்கும் உட்கார்ந்துவிடும்.

இதைவிட நல்லது: உங்கள் ஆபீஸிலோ மனைவியின் ஆபீஸிலோ ஊழியர் உதவித் திட்டம், ஈ.ஏ.பி. என்பார்களே, அது இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த அன்று கொடுத்த காகிதக் கட்டில் எங்காவது இருக்கும், யாரும் படித்திருக்கமாட்டோம். வழக்கமாக நாலைந்து செஷன் இலவசம், பல இடங்களில் துணைக்கும் சேர்த்து. பேசியது மேனேஜர் காதுக்குப் போகாது என்பதுதான் விதி, ஆனாலும் முதல் ஃபோனிலேயே அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேன்சல் விதியையும் படியுங்கள். 24 மணி நேரம், சில இடங்களில் 48 மணி நேரத்துக்குள் சொல்லாவிட்டால் முழு ஃபீஸ். ஒரு தடவை மறந்தால் ஒரு செஷன் பணம் சும்மா போகும்.

சும்மா ஒருத்தி | செவ்வாய், மாலை 4:47

நாங்கள் பயிற்சி மையத்துக்குப் போனோம், அதைப் பற்றி எழுதுகிறேன். கவுன்சிலிங் படிப்பு நடத்துகிற பல பல்கலைக்கழகங்களில் கிளினிக் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் மாணவர்கள் பார்ப்பார்கள், மேலே ஒரு சூப்பர்வைசர் இருப்பார், கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை.

எங்களுக்கு வந்த பெண்ணுக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. மடியில் கோடு போட்ட நோட்டு, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். செஷனைப் பதிவு செய்யலாமா, சூப்பர்வைசர் மட்டும்தான் கேட்பார் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். என் கணவர் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வைக்கு "இதுக்கா வந்தோம்" என்று அர்த்தம். இரண்டாவது வாரம் நாங்கள் அவள் முன்னாலேயே சத்தம் போட்டுச் சண்டை போட்டோம். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல, சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன், அதுவரைக்கும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்ல பேசாம இருக்க முடியுமா?" என்றாள். தெரியவில்லை என்று ஒருத்தர் சொல்லி என் கணவர் மரியாதையோடு தலையாட்டியதை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வாரம் கேட்டுக்கொண்டு வந்தாள். உண்மையிலேயே உபயோகமாக இருந்தது.

குறையும் சொல்கிறேன். முதல் தடவை கூப்பிட்டதிலிருந்து இடம் கிடைக்க இரண்டரை மாதம். அப்புறம் பாதியில் அவளுக்குப் படிப்பு முடிந்து போய்விட்டாள், அடுத்து வந்த பையனிடம் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் எங்களுக்கே கதை அலுத்துவிட்டது, அதுவும் ஒருவகையில் நல்லதுக்குத்தான்.

ஒற்றைச்செருப்பு | செவ்வாய், மாலை 5:30

பல் பிடுங்கவே அனுபவசாலியைத் தேடுகிறோம், குடும்பத்தைக் கொண்டுபோய் மாணவர் கையில் கொடுப்பதா? இதற்குச் சொந்தக்காரர்களிடமே பேசலாமே, இலவசம்.

மேசைவிளக்கு | செவ்வாய், இரவு 8:35

சொந்தக்காரர்கள் நேரத்தைத் தருவார்கள், கூடவே தீர்ப்பையும் தந்துவிடுவார்கள், அதுதான் சிக்கல். நீங்கள் சமாதானமாகி ஆறு மாதம் ஆன பிறகும் அவர்கள் சமாதானமாகியிருக்கமாட்டார்கள்.

மாணவர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது, ஆனால் தப்பான இடத்தில் பயப்படுகிறீர்கள். என் கவலை வேறு. தனி ஆளுக்குக் கவுன்சிலிங் கொடுக்கப் படித்துவிட்டு, தம்பதி வேலைக்கென்று தனியாக எதுவும் கற்காமல், இரண்டு நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் நிறைய. நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். ஆனால் இரண்டு பேர் எதிரில் இருக்கும்போது, நன்றாகப் பேசத் தெரிந்தவர் பக்கம் அவர்களை அறியாமலே சாய்ந்துவிடுவார்கள். அதனால் ஃபீஸ் அதிகமோ குறைவோ, முதல் ஃபோனில் கேளுங்கள்: "தம்பதிகளுக்கென்று என்ன பயிற்சி எடுத்தீர்கள்? வாரத்துக்கு எத்தனை தம்பதிகளைப் பார்க்கிறீர்கள்?" சூப்பர்வைசர் பின்னால் இருக்கும் மாணவர், யாருமே கேள்வி கேட்காத சீனியரைவிடப் பரவாயில்லை என்பது என் கருத்து. என் சக தொழில்காரர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

அரைத்தூக்கம், காலையில் கேட்டதற்குக் காரணம் இது. பணம் ஒருத்தர் கணக்கிலிருந்து மட்டும் போகும்போது அவருக்கு அந்த ஒரு மணி நேரம் தான் வாங்கிய பொருள் மாதிரி ஆகிவிடும். வாங்கின பொருளில் குறை இருந்தால் கோபம் வரத்தானே செய்யும். மற்றவருக்கோ, வேறு ஒருத்தர் செலவில் வந்து உட்கார்ந்து குற்றம் சொல்வதே கூச்சமாக இருக்கும். உங்கள் வீட்டில் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்.

பழைய டைரி | புதன், காலை 6:20

நான் கவுன்சிலர் இல்லை, ஆய்வுகளைத் தேடித் தேடிப் படிக்கிற வியாதி மட்டும் உண்டு. நம்பி எடுத்துக்கொள்ளக்கூடியவை சில.

ஒற்றைச்செருப்புக்கு முதலில்: பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் குழு கடுமையான பிணக்கில் இருந்த 134 ஜோடிகளுக்கு 26 செஷன் வரை கொடுத்து, ஐந்து வருடம் கழித்துப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் தெளிவாக முன்னேறியிருந்தார்கள், கால்வாசிக்கும் கொஞ்சம் மேல் பிரிந்துவிட்டார்கள். அந்த நிலையில் வந்தவர்களுக்குப் பாதி என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் பாதிதான்.

செலவே இல்லாதது: எலி ஃபிங்கெல் குழு 2013-ல் வெளியிட்டது. 120 ஜோடிகள். ஒரு வருடத்தில் மூன்று தடவை, தடவைக்கு ஏழு நிமிடம், சமீபத்தில் நடந்த ஒரு சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கிற ஒரு வெளியாள் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று எழுதச் சொன்னார்கள். மொத்தமே இருபத்தோரு நிமிடம். எழுதாதவர்களுக்கு உறவின் திருப்தி வழக்கம்போல இறங்கிக்கொண்டே போனது, எழுதியவர்களுக்கு அந்த இறக்கம் நின்றது. கவனியுங்கள், நின்றது என்றுதான் சொல்கிறார்கள், ஏறியது என்று இல்லை.

அதே 2013-ல் ரோகி, பிராட்பரி குழுவின் ஆய்வு ஒன்று, புதுமணத் தம்பதிகள் 174 ஜோடி. சிலருக்கு முறையான பயிற்சி வகுப்பு, சிலருக்குத் தம்பதிகளைப் பற்றிய படம் பார்த்துவிட்டு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும் வேலை மட்டும். எதுவும் செய்யாதவர்களில் மூன்று வருடத்தில் 24 சதவீதம் பிரிந்தார்கள். படம் பார்த்துப் பேசியவர்களில் ஏறக்குறைய அதில் பாதிதான், வகுப்புக்குப் போனவர்களிலும் அதே அளவுதான். ஆனால் இது புதுமணத் தம்பதிகளுக்கு, ஒன்பது வருடக் கதைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

நேரில் போகும் கவுன்சிலிங்குக்கும் செலவே இல்லாத வழிக்கும் நடுவில் இருப்பது ஆன்லைன் பாடத்திட்டங்கள். பிரயன் டாஸ் குழுவின் 'அவர் ரிலேஷன்ஷிப்' திட்டத்தை 300 ஜோடிகளிடம் சோதித்து 2016-ல் எழுதியிருக்கிறார்கள். பாடங்களை நீங்களே செய்துகொண்டு போக வேண்டியது, நடுவில் கால் மணி நேர ஃபோன் நாலே நாலு. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆங்கிலம் பழகியவர்களுக்குத்தான் உதவும்.

தள்ளிப்போடுவதைப் பற்றி ஒன்று. தம்பதிகள் உதவி தேடுவதற்குள் ஆறு வருடம் ஓடிவிடுகிறது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். டோஹர்ட்டி குழு 2021-ல் கேட்டுப் பார்த்ததில் சராசரி 2.68 வருடம்தான் வந்தது. அதுவே நிறையத்தான்.

தாழ்ப்பாள் | புதன், காலை 10:05

இது இந்த இழையைத் தொடங்கியவருக்கு இல்லை, பின்னால் தேடி வந்து படிக்கிறவர்களுக்கு. வீட்டில் அடி உதை இருந்தால், அல்லது துணை என்ன செய்வாரோ என்ற பயத்தில் வாய் திறக்க முடியாத நிலை இருந்தால், குறைந்த ஃபீஸில் ஜோடிக் கவுன்சிலிங் தேடாதீர்கள். இலவசமாகவே கிடைத்தாலும் சேர்ந்து போகாதீர்கள். உள்ளே உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்குத் தனியாகக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. குடும்ப வன்முறைக்கான உதவி எண்கள் பல நாடுகளில் இலவசம், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. துணையின் கண்ணில் படாத ஃபோனிலிருந்து தனியாகக் கூப்பிடுங்கள்.

அரைத்தூக்கம் | புதன், காலை 10:31

எங்களிடம் அது இல்லை அக்கா. ஆனால் எழுதியதற்கு நன்றி.

நடுப்பக்கம் | புதன், மதியம் 2:15

என் கதை வேறு, அவர் வரவே மாட்டேன் என்றார். நான் மட்டும் ஆறு தடவை போனேன். தனியாகப் போனால் பாதி ஃபீஸ்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன், அப்படியெல்லாம் இல்லை. ஆனாலும் வீண் இல்லை, நான் எந்த வார்த்தையில் கதவைச் சாத்துகிறேன் என்று தெரிந்தது. சேர்ந்திருப்பதா பிரிவதா என்றே தெரியாமல் ஒருத்தர் ஒரு காலை வெளியே வைத்திருந்தால் அதற்கென்று ஒரு குறுகிய முறை இருக்கிறது, மேலே சொன்ன டோஹர்ட்டி உருவாக்கியதுதான், டிஸ்செர்ன்மென்ட் கவுன்சிலிங். அதிகபட்சம் ஐந்தே செஷன். முடிவு எடுக்கத்தான் உதவும், சண்டையைத் தீர்க்காது. அது தெரியாமல் நாங்கள் பொதுவான செஷனுக்குக் காசைக் கரைத்தோம்.

ஆப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வாரம் இலவசம் என்று ஒன்றில் சேர்ந்து, நிறுத்த மறந்து, மூன்று மாதம் கார்டிலிருந்து போனது. சேர்ந்த அன்றே ஃபோனில் அலாரம் வையுங்கள்.

மேசைவிளக்கு | புதன், இரவு 9:10

செலவைக் குறைக்க இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது, அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வாரம் முழுக்க நடந்ததைச் சொல்லி, யார் சொன்னது சரி என்று நிரூபிப்பதிலேயே நாற்பது நிமிடத்தைக் கழித்துவிடுவார்கள். தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வில் தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் தீர்ந்தே போகாத வகை, இருவரின் சுபாவத்திலிருந்து வருவது. அதில் தீர்ப்பு வாங்கப் பணம் கொடுக்காதீர்கள். அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ளக் கொடுங்கள். போவதற்கு முதல் நாள் ஆளுக்கு ஒரே ஒரு விஷயத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாரா வாரம் என்பதை, முதல் நாலைந்து முடிந்தபின், மூன்று வாரத்துக்கு ஒன்றாக்கலாமா என்று கேளுங்கள். நடுவில் வீட்டுப்பாடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்தால் செய்யுங்கள், செய்யாமல் வந்து எங்களிடம் பேருந்து தாமதம் மாதிரி காரணம் சொல்லாதீர்கள்.

அரைத்தூக்கம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேசைவிளக்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே மெசேஜாக அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. புதன்கிழமை காலை எட்டு மணி இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு வழக்கமான ஃபீஸில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான், சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். இரண்டு பேரும் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். என் ஆபீஸில் ஈ.ஏ.பி. இல்லை. அவள் ஆபீஸில் இருக்கிறது, வருடத்துக்கு நாலு, துணைக்கும் உண்டு. நாலு வருடமாக இருந்திருக்கிறது!

பணம் யார் கணக்கு என்று கேட்டதை இங்கிருந்தே அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நீ கட்டுறதால எனக்கு அங்க உன்னைப் பத்தி முழுசாப் பேச வாய் வரல" என்றாள். எனக்கு அது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. இப்போது ஒரு செஷன் நான், ஒரு செஷன் அவள்.

ஏழு நிமிடம் எழுதுவதையும் செய்து பார்த்தோம், படியில் நடந்த அந்த மீட்டர் சண்டையைத்தான் எழுதினோம். அவளுடையதை எனக்குக் காட்டவில்லை, நானும் காட்டவில்லை.

போன புதன்கிழமை அவள் பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கிங் கிடைக்காமல் நான்தான் கால் மணி நேரம் தாமதம்.

சும்மா ஒருத்தி | ஞாயிறு, இரவு 10:34

அன்றைக்கு யார் முறை?

அரைத்தூக்கம் | ஞாயிறு, இரவு 10:36

அவள் முறை. கணக்கு எதுவும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.